இழுப்பு வேறு, எறிப்பு வேறு

பட்டறை பதில்கள்

ராணுவ ஆயுதப் பட்டறையில் 21 ஆண்டும், பிறகு ஈப்போவில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் 9 ஆண்டும் வேலை பார்த்து, இப்போது சுங்கை சிப்புட்டில் ஓய்வாக இருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். 18 வருடமாகக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கிறேன். அம்மா இன்னும் ஊரில்தான். இந்தப் பத்திரிகையைச் சேர்த்து வைத்துக் கட்டாக அனுப்புவார். போன வருடம் பக்கத்துப் பண்ணைக்காரர் நிலத்தை விற்றுவிட்டுப் போகும்போது, அவருடைய தாத்தா காலத்து வின்செஸ்டர் 1894 லீவர் துப்பாக்கியை எனக்குக் கொடுத்தார். எட்டுப்பட்டைக் குழல், .38-55 தோட்டா. உரிமம் முறையாக இருக்கிறது. சுடுவதில் குறை இல்லை. ஆனால் விசைக்குக் கீழே இருக்கும் லீவரைத் தள்ளினால், சுட்ட தோட்டாவின் காலிக் கூடுகளில் பத்துக்கு நான்கு வெளியே பறப்பதில்லை, உள்ளேயே சாய்ந்து படுத்துக்கொள்கின்றன. துப்பாக்கியைக் கவிழ்த்து உதற வேண்டியிருக்கிறது. குளிர் நாளில் இன்னும் மோசம். நண்பர்கள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்: எக்ஸ்ட்ராக்டரை மாற்று, ஸ்பிரிங்கைக் கழற்றி இழுத்து நீட்டு, லீவரை ஓங்கி அடி. நான்கு கூடுகளின் படத்தை இணைத்திருக்கிறேன். கரிமருந்துத் தோட்டாதான் போடுகிறேன்.
(வாசகர், ஆல்பர்ட்டா)

பதில்: தம்பி, கூட்டைப் படம் எடுத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. எல்லாரும் துப்பாக்கியைத்தான் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புவார்கள். சுட்டு முடிந்து கீழே விழுகிற அந்தப் பித்தளைக் கூடு எவ்வளவு பேசும் என்று தெரிவதில்லை.

எனக்கும் தெரியாமல் இருந்தது. 1974இல் தைப்பிங் கேம்ப் பட்டறையில் நான் புதுசு. அப்போது எங்கள் கையில் எஸ்எல்ஆர், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ராணுவத் துப்பாக்கி. காட்டிலிருந்து திரும்பியவற்றில் மூன்று, கூட்டைச் சரியாகத் தள்ளுவதில்லை என்று சீட்டு கட்டி வந்தன. நான் மூன்றுக்கும் எக்ஸ்ட்ராக்டரின், அதாவது கூட்டை இழுக்கும் கொக்கியின், ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டேன். சுட்டுப் பார்த்தால் மூன்றும் பழையபடியே. எங்கள் சார்ஜன், பேராக் மலாய்க்காரர், என்னைத் திட்டவில்லை. குனிந்து ஒரு கூட்டைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். அடி விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு தடம். உடம்பில் நீளவாக்கில் கீறல். "தெங்கோக் கெலோங்சொங் டுலு" என்றார். முதலில் கூட்டைப் பார் என்று அர்த்தம். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடமான சேம்பருக்குள் துரு பிடித்திருந்தது. கூடு அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டது, கொக்கி இழுத்துப் பார்த்து விளிம்பைக் கடித்துவிட்டு நழுவியது. நான் மாற்றிய ஸ்பிரிங்குகளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிரஷ் போட்டுச் சேம்பரைத் தேய்த்ததும் மூன்று துப்பாக்கியும் வேலை செய்தன.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கூட்டைச் சேம்பரிலிருந்து இழுப்பது ஒரு வேலை. இழுத்து வந்ததை வெளியே எறிவது வேறு வேலை. இழுப்பது எக்ஸ்ட்ராக்டர், எறிவது எஜெக்டர். எது படுத்திருக்கிறது என்று தெரியாமல் எந்தத் திருகிலும் கை வைக்காதீர்கள்.

உங்கள் 1894இல் சேம்பரின் பின்வாயை அடைக்கும் இரும்புதான் போல்ட். அதன் முதுகில் நீளமாகக் கிடப்பது எக்ஸ்ட்ராக்டர். அதற்குத் தனியாக ஸ்பிரிங் கிடையாது. அந்த எஃகே கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து தோட்டாவின் விளிம்பைக் கவ்வும். போல்ட் முகத்தின் கீழ்ப்பக்கம் சின்னதாகத் துருத்திக்கொண்டிருப்பது எஜெக்டர். அதற்குப் பின்னால் ஒரு சுருள் ஸ்பிரிங். முன்னால் பாய்ந்து விழுந்துவிடாமல் குறுக்கே ஓர் ஊசி. தோட்டா சேம்பரில் இருக்கும்வரை அதன் அடிப்பாகம் எஜெக்டரை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். நீங்கள் லீவரைத் தள்ளும்போது கூடு பின்னால் வருகிறது. ஸ்பிரிங் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் கூட்டின் வாய் இன்னும் சேம்பருக்குள் இருப்பதால் அது திரும்ப முடியாது. வாய் வெளியே வந்த அந்த நொடியில், மேல் விளிம்பைக் கொக்கி பிடித்திருக்க, கீழ் விளிம்பை எஜெக்டர் தள்ள, கீலில் கதவு திரும்புகிற மாதிரி கூடு திரும்பி மேலே பறக்கும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். நான்கு கூட்டிலும் விளிம்பு சுத்தமாக இருக்கிறது, கடித்த தடம் இல்லை. உடம்பில் கீறலும் இல்லை. ஆகவே கூடு சேம்பரில் ஒட்டவில்லை, கொக்கியும் நழுவவில்லை. எக்ஸ்ட்ராக்டரை மாற்றச் சொன்ன நண்பரை இதோடு விட்டுவிடலாம். ஆனால் இரண்டு கூட்டில் வாய் ஓரமாக ஒரு சின்ன நசுங்கல் தெரிகிறது. திரும்ப ஆரம்பித்து, பலம் போதாமல், ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்புக் கூண்டின்) மேல் விளிம்பில் இடித்துக்கொண்டு உள்ளேயே விழுந்த கூடுகள் அவை. இன்னொன்றையும் பாருங்கள். நான்கிலும் வாயிலிருந்து பாதி உடம்புவரை கரி வழிந்திருக்கிறது. கரிமருந்துத் தோட்டாவில் அழுத்தம் குறைவு. கூடு சேம்பர் சுவரோடு இறுக்கமாக ஒட்டாமல், புகை பின்பக்கமாகவும் கசிகிறது. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமான கசடாகத்தான் மிஞ்சும். அந்தக் கசடு எங்கே போய்த் தங்கும்? போல்ட் முகத்தில், எஜெக்டரின் துளைக்குள்.

என் சந்தேகம் அங்கேதான். காரணத்தையும் சொல்கிறேன்.

என் தங்கை மகனும் உங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறான். 2013இல் இரண்டு மாதம் போய்த் தங்கினேன். அவனிடமும் ஒரு வின்செஸ்டர் 94, போருக்கு முந்தியது, .30-30. அதிலும் உங்கள் நோய்தான். அவன் வீட்டுச் சமையல் மேசையில் செய்தித்தாளை விரித்து, லீவரைத் திறந்து வைத்து, மேலிருந்து விளக்கு அடித்துப் பார்த்தோம். எஜெக்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நான் சாத்தே குச்சி ஒன்றை எடுத்து அதை உள்ளே அழுத்தினேன். உள்ளே போனது. குச்சியை எடுத்தேன். உடனே துள்ளி வர வேண்டிய எஜெக்டர், தூக்கத்தில் எழுந்த பிள்ளை மாதிரி மெல்ல, மெல்ல வெளியே வந்தது. அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. போல்ட்டை வெளியே எடுத்து, குறுக்கு ஊசியைத் தட்டி எஜெக்டரை உருவினோம். ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவில் தேன் நிறத்தில் ஒரு பிசின். எப்போதோ யாரோ தாராளமாக விட்ட எண்ணெய் இறுகி அப்படி ஆகியிருந்தது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் காய்ந்த பாலை நகத்தால் உரித்து வளர்ந்தவர்கள் நாம். அதே மாதிரிதான் உரிந்து வந்தது. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப் போட்டோம். காலையில் துடைத்து மாட்டியதும், அழுத்தினால் 'டிக்' என்று துள்ளியது. ஸ்பிரிங் மாற்றவே இல்லை. மறுவாரம் சுட்டபோது கூடுகள் அவன் தொப்பிக்கு மேலே பறந்தன.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. துப்பாக்கி இருக்கும் அறையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. தோட்டா டப்பாவை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். லீவரைப் பல தடவை இயக்கி ஒன்றும் வரவில்லை என்று பார்த்த பிறகும், விளக்கு அடித்துப் பாருங்கள், தோட்டாவைச் சேம்பருக்குத் தூக்கிக் கொடுக்கும் கேரியர் இருக்கும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் பழைய குழாய் மேகசினில் ஸ்பிரிங் சோர்ந்தோ, குழாய் நசுங்கியோ ஒரு தோட்டா நடுவில் மாட்டி நிற்கும். காலி என்று நம்பி மூடும்போது அது வந்து சேரும். சேம்பரையும் அப்படியே கண்ணால் பாருங்கள். உயிருள்ள தோட்டாவை வைத்து எஜெக்டரைச் சோதிக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம் தம்பி. சுட்ட கூடு போதும்.

குச்சியால் அழுத்துங்கள். துள்ளி வருகிறதா, ஊர்ந்து வருகிறதா, பாதியில் நிற்கிறதா? அப்புறம் சுட்ட கூடு ஒன்றின் விளிம்பைக் கொக்கிக்குள் செருகி, விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். கொக்கி விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கொக்கி தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அதன் அடியில் இருக்கும் பள்ளத்தில் கசடு சேர்ந்து கொக்கியைத் தூக்கிப் பிடித்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு பல்குத்தும் குச்சி வைத்துச் சுரண்டினால் தெரிந்துவிடும்.

எஜெக்டர் ஊர்ந்து வந்தால், போல்ட்டைக் கழற்றாமலே முதல் வைத்தியம் பார்க்கலாம். கரிமருந்துக் கசடு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சூடான சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் போல்ட் முகத்தைத் தேய்த்து, எஜெக்டரை இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள். கறுப்பாக வழியும். துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். தண்ணீர் என்றதும் பயப்பட வேண்டாம், நன்றாகச் சூடாக இருந்தால் தானே உலர்ந்துவிடும். அதற்கப்புறம் பழைய எண்ணெய்ப் பிசினுக்காக மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு, மறுபடி அழுத்தல், மறுபடி துடைத்தல். கடைசியில் மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. குளிரில் மோசமாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் பிசினைத்தான் காட்டுகிறது. எண்ணெய் குளிரில் கெட்டியாகும். எஃகு ஸ்பிரிங்கின் பலம் உங்கள் ஊர்க் குளிருக்குப் பத்தில் நான்கு தடவை சோர்ந்துபோகாது. நம் ஊர் ஈரத்துக்குத் துரு வராமல் இருக்க எண்ணெயைக் கொஞ்சம் கூட விடுவோம், அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் போல்ட் வெளியே வர வேண்டும். அந்த வேலையை உங்கள் ஊரில் பழைய வின்செஸ்டர் பார்த்த கைத்தொழிலாளியிடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். லீவர், லிங்க், கேரியர், லாக்கிங் போல்ட் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. அதைவிட முக்கியம், அந்தக் காலத்துத் திருகுகளின் பிளவு மிக மெல்லியது. வீட்டில் இருக்கும் சாதாரண திருப்புளியை வைத்தால் பிளவின் ஓரம் பிய்ந்து வரும். நூற்றுச் சொச்ச வருடம் பிய்யாமல் வந்த திருகை நாம் பிய்க்கலாமா? பிளவுக்கு அளவாக, நுனிவரை ஒரே கனமாகத் தேய்த்த திருப்புளி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. உப்புத்தாள், பாலிஷ், புதுச் சாயம் இவை எதுவும் கிட்டே வரக் கூடாது. பழைய துப்பாக்கியின் மதிப்பே அதன் பழைய மேற்பரப்பில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டச் சொன்ன நண்பருக்கு வருகிறேன். இழுத்து நீட்டினால் ஒரு வாரம் நன்றாக வேலை செய்யும். பிறகு அழுந்தி அழுந்திப் பழைய நீளத்துக்கே வந்துவிடும், சில சமயம் அதைவிடக் குட்டையாகவும் ஆகும். ஸ்பிரிங் உண்மையிலேயே சோர்ந்திருந்தால் புதிதாக வாங்கிப் போடுங்கள். வாங்கும்போது துப்பாக்கி 1964க்கு முந்தியது என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த வருடம் வின்செஸ்டர் தயாரிப்பு முறையை மாற்றியது. பிந்திய பாகங்கள் முந்தியதற்குப் பொருந்தும் என்று எண்ணி வாங்கக் கூடாது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கை ஓர் உறையில் போட்டுத் துப்பாக்கியோடு வையுங்கள். பலமாக இருக்கட்டும் என்று தடித்த ஸ்பிரிங் தேடவும் வேண்டாம். மூடும்போது தோட்டாவைச் சாய்த்துத் தள்ளும், லீவர் கனக்கும், பித்தளையில் கோடு விழும்.

ஓங்கி அடி என்றவர் வைத்திருப்பது 1873 மாடலின் நகலாக இருக்குமோ என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர் தம் துப்பாக்கியைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார். 1873இல் ஸ்பிரிங் வைத்த எஜெக்டரே கிடையாது. கீழிருந்து எழும்பி வரும் கேரியர் கட்டைதான் கூட்டை மேலே தட்டி எறியும். அந்தக் கட்டையைத் தூக்குவது உங்கள் கை. கை தளர்ந்தால் கூடும் தளர்ந்து விழும். பிரௌனிங் வடிவமைத்த 1894 அப்படியில்லை. இதில் எறிவது ஸ்பிரிங். ஆனால் கை செய்ய வேண்டிய ஒன்று இதிலும் இருக்கிறது: லீவரைக் கடைசிவரை கொண்டுபோவது. .38-55 நீளமான கூடு. தோளில் வைத்தபடி இயக்குகிறவர்கள் கடைசி அரை அங்குலத்தை விட்டுவிடுவார்கள். கூட்டின் வாய் முழுதாக விடுபடாமலே லீவர் திரும்பிவிடும். எஸ்எல்ஆரில் இதே மாதிரி குறை வந்தால் காஸ் ரெகுலேட்டரைத் திருகிக் கூடுதல் காஸ் கொடுப்போம். லீவர் துப்பாக்கியில் போல்ட்டைப் பின்னால் கொண்டுவர அந்த காஸுக்குப் பதிலாக இருப்பது உங்கள் முழங்கைதான். ஓங்கி அடிக்க வேண்டாம். கடைசிவரை, தயங்காமல், ஒரே வீச்சில்.

மார்லின் லீவர் துப்பாக்கி வைத்திருக்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் கூடு பக்கவாட்டில் வெளியேறும். எஜெக்டர் ரிசீவரின் இடது சுவரில், தட்டை ஸ்பிரிங்கோடு இருக்கும். அந்தத் தட்டை ஸ்பிரிங் உடைவது தெரிந்த வியாதி. ஆகவே அதில் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

கடைசியாக, கரிமருந்தை விட்டுப் புகையில்லா மருந்துத் தோட்டாவுக்கு மாறலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம், கசடு குறையுமே என்று. இந்த மாடலில் .38-55உம் .32-40உம் 1894இல் கரிமருந்துக்காக வந்தவை. புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் நிக்கல் எஃகுக் குழலோடு .30-30 மறு வருடம்தான் வந்தது. உங்கள் குழலைத் தெரிந்தவரிடம் காட்டி, இந்த வயதுக்கு ஏற்ற தோட்டா எது என்று கேட்காமல் மாறாதீர்கள். சுத்தம் செய்த பிறகு பத்துத் தோட்டா சுட்டு, அந்தப் பத்துக் கூட்டையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வாயோரம் நசுங்கல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: எனக்கு ஏழு ஏக்கர் செம்பனை. பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் எடுத்த இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி இருக்கிறது, பழைய இங்கிலாந்துச் சாமான். குழலை மடக்கினால் சுட்ட தோட்டா அரை அங்குலம் மேலே வந்து நின்றுவிடுகிறது. கையால் எடுக்க வேண்டும். நண்பருடையது தோளுக்கு மேல் வீசி எறிகிறது. என்னுடையதில் ஸ்பிரிங் போய்விட்டதா?
(வாசகர், சிலிம் ரிவர்)

பதில்: அண்ணே, பெரும்பாலும் உங்கள் துப்பாக்கியில் ஒன்றும் போகவில்லை. அது எறிகிற வகையே இல்லை. இரட்டைக் குழலில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தூக்கி மட்டும் கொடுக்கும். இன்னொன்று சுட்டதை எறியும், சுடாததைத் தூக்கி மட்டும் கொடுக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. காலியாக இருக்கும்போது குழலை மடக்கி, தோட்டாவின் விளிம்பைத் தூக்குகிற அந்த இரும்பைப் பாருங்கள். இரண்டு குழலுக்கும் சேர்த்து ஒரே துண்டாக இருந்தால் தூக்குகிற வகை. நடுவில் பிளந்து இரண்டாக, ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக இருந்தால் எறிகிற வகை. எறிகிற வகையில் முன்கட்டையைக் கழற்றினால் உள்ளே இரண்டு சின்னச் சுத்தியல் மாதிரி தெரியும், அவைதான் தட்டி எறிகின்றன.

ஒரே துண்டு என்றால் நிம்மதியாக இருங்கள். நண்பருடையதைப் பார்த்து மாற்றி அமைக்க நினைக்க வேண்டாம், செலவுக்கும் கட்டாது, தேவையும் இல்லை.

பிளந்த இரண்டு துண்டாக இருந்தும் எறியவில்லை என்றால் அது பழுது. லைசென்ஸ் பெற்ற கடைக்குக் கொண்டுபோங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி நம் நாட்டில் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். டவுனில் மோட்டார் பார்க்கிற தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுத்தால் இரண்டு பேருக்கும் வம்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய இங்கிலாந்துச் சாமான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் பல, இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் சேம்பர் வெட்டியவை. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர். தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அதனால் சந்தேகமே வராது. சுடும்போது அதன் வாய் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்களைக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். எறிகிறதா தூக்குகிறதா என்பதைவிட இதுதான் எனக்குக் கவலை. பழைய காகிதக் கூட்டுத் தோட்டா ஏதாவது அலமாரியில் மிச்சம் இருந்தாலும் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் காகிதம் உப்பிவிடும், சேம்பரில் மாட்டிக்கொண்டால் தூக்குகிற இரும்பு விளிம்பை விட்டு நழுவும்.

கேள்வி: தாத்தா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. அவருடைய தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது, பரணில் சாக்கில் சுற்றிய பழைய துப்பாக்கி ஒன்றும் சில தோட்டாக்களும் கிடைத்தன. தாத்தா அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். துரு ஏறி இருக்கிறது. சுத்தம் செய்து ஞாபகமாக வைத்துக்கொள்ள ஆசை. எப்படிச் சுத்தம் செய்வது?
(வாசகி, பேராக்)

பதில்: தங்கச்சி, தாத்தாவின் ஞாபகம் என்பது எனக்குப் புரிகிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அதற்கப்புறம் தோட்டங்களுக்குக் காவல் நின்றவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். என் பெரியப்பாவும் நின்றார். ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சுத்தம் செய்யும் முறையை நான் எழுத மாட்டேன். அதைத் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருப்பது, துருப்பிடித்ததானாலும், மிகக் கடுமையான குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு. தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்திருந்தாலும் அது அவருக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. தோட்டாக்களும் இதில் சேர்த்திதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சாக்கை இருந்த இடத்திலேயே விடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். காரில் வைத்துக்கொண்டு போலீஸ் பாலாய்க்குப் போகாதீர்கள், வழியில் ரோட் பிளாக் இருந்தால் விளக்கம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்றைக்கே போன் செய்யுங்கள், அல்லது வெறுங்கையோடு போய்ச் சொல்லி அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதிய நகலைக் கேட்டு வாங்குங்கள். பயமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரோடு போங்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஞாபகத்துக்கு, பரணில் இன்னும் தேடிப் பாருங்கள். அவருடைய சேவைச் சான்றிதழ், பேட்ஜ், குழுவாக நின்று எடுத்த படம் ஏதாவது இருக்கலாம். என் பெரியப்பாவின் படம் ஒன்று பிஸ்கட் டின்னுக்குள் கிடைத்தது. அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

கேள்வி: பாட்டியின் சிங்கர் தையல் கைமெஷின் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தோம். இன்னும் கொஞ்சம் விடலாமா?
(வாசகி, கோல கங்சார்)

பதில்: வேண்டாம் அம்மா. இறுகியதற்குக் காரணமே அதுதான். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து நூல் தூசியையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே ஆல்பர்ட்டா தம்பியின் எஜெக்டருக்கு வந்த நோயும் இதே வகைதான். ஊசியையும் நூலையும் கழற்றிவிடுங்கள். எண்ணெய் விடும் துளைகள் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். வலுவாகத் திருப்ப வேண்டாம். ஓர் இரவு அப்படியே விடுங்கள், அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம். மறுநாள் காலையில் சுற்றும். பழுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டு, கடையில் கிடைக்கும் தையல் மெஷின் எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டு விடுங்கள். பிறகு பழைய துணி ஒன்றை எடுத்து நாலு வரிசை தையுங்கள். துணியில் எண்ணெய்க் கறை விழாமல் வரும்வரை நல்ல துணியை அதில் வைக்காதீர்கள்.